குளோங் 4 என்றால் எந்தக் குளோங் 4? தாய்லாந்தின் பதும் தானி மாகாணத்தில் வீடு தேடும் நம்மவர்களுக்கு

ஏஐடியிலோ (ஆசிய தொழில்நுட்பக் கழகம்) தம்மசாத் பல்கலைக்கழகத்தின் ரங்சித் வளாகத்திலோ சேர வருகிறவர்கள் ஒவ்வொரு பருவமும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள். "குளோங் சீயில் (நாலாம் வாய்க்காலில்) தனி வீடு, வாடகை குறைவு" என்று தரகர் சொல்வார். வளாகம் குளோங் நுங்கில் (ஒன்றாம் வாய்க்காலில்) இருப்பதால், நாலாவது வாய்க்கால் எட்டிவிடும் தூரம்தானே என்று இரண்டு மாத முன்பணத்தை அனுப்பிவிடுவார்கள். போய் இறங்கினால் வீடு லாம் லூக் கா பக்கம், வளாகத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். அனுப்பிய பணம் திரும்பி வருவதில்லை. தரகர் பொய் சொன்னதாகவும் சொல்ல முடியாது, அதுவும் குளோங் சீதான்!

குளோங் என்றால் வாய்க்கால். நுங், சோங், சாம், சீ, ஹா, ஹோக், செட் என்பவை ஒன்று முதல் ஏழு வரை. இந்தப் பூமி முன்பு துங் லுவாங் என்ற சதுப்பு வெளி. மன்னர் ஐந்தாம் ராமா காலத்தில், 1890இல், உரிமை பெற்ற ஒரு கம்பெனி நெல் விளைவிப்பதற்காக இங்கே வெட்டத் தொடங்கியது. முதன்மைக் கால்வாயான ரங்சித் பிரயூரசக் பதினாறு மீட்டர் அகலத்தில், சாவ் பிரயாவிலிருந்து நகோன் நாயோக் ஆறு வரை கிழக்கே ஓடுகிறது. அதற்குக் குறுக்கே, வடக்கு தெற்காக, ஏணிப்படி போலக் கிளை வாய்க்கால்கள். மேற்கிலிருந்து எண் போட்டுக்கொண்டே போனார்கள், பிறகு ஊர்களுக்கும் அந்த எண்ணே பெயரானது. நடுவில் இருக்கும் தன்யபுரியின் பெயர் நம் 'தானியபுரி'யேதான்.

சிக்கல் இங்கேதான். முதன்மைக் கால்வாய்க்கு வடக்கே குளோங் லுவாங், கால்வாயையொட்டித் தன்யபுரி, தெற்கே லாம் லூக் கா என்று மூன்று ஆம்போக்களிலும் (நம் தாலுகா மாதிரி) அதே எண்கள் வரும். நம் ஊரில் நாலாம் தெரு என்றால் எப்படியும் அந்த ஊருக்குள் இருக்கும். இங்கே நாலாம் வாய்க்கால் மூன்று தாலுகாவில் இருக்கிறது. போதாக்குறைக்கு 'ஹோக் வா' என்று தனியாக ஒரு வாய்க்கால் உண்டு. வா என்பது இரண்டு மீட்டர். ஆறு வா அகலம் என்பதால் வந்த பெயர் அது. ஆறாம் வாய்க்காலான குளோங் ஹோக் வேறு.

அதனால் வாய்க்கால் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு ஒரு பாத் கூட அனுப்பாதீர்கள். வீட்டு எண், மூ (கிராமப் பிரிவு), தம்போன் (ஆம்போவின் உட்பிரிவு), ஆம்போ, அஞ்சல் எண் ஐந்தையும் தாய் எழுத்தில் எழுதி வாங்குங்கள். அஞ்சல் எண் 12120 என்றால் குளோங் லுவாங். 12110 தன்யபுரி, 12150 லாம் லூக் கா. ஒரே வீட்டு எண் பக்கத்து மூவிலும் இருக்கும் என்பதால் மூ எண்ணை விட்டுவிடாதீர்கள். 99/12 என்பது 99இலிருந்து பிரித்துக் கொடுத்த எண். அதை வைத்து 98க்குப் பக்கத்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

நீங்கள் குடியேறிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவுத் துறைக்கு டிஎம்30 (வெளிநாட்டவர் தங்கியிருப்பதைத் தெரிவிக்கும் படிவம்) கொடுக்க வேண்டும். அதிலும் இதே முகவரிதான் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்கும் பதிவு உங்கள் பொறுப்பு.

முகவரி சரியாக இருந்தாலும் எந்தக் கரை என்று கேளுங்கள். வாய்க்காலின் இரு கரையிலும் சாலை உண்டு, ஆனால் நினைத்த இடத்தில் பாலம் இருக்காது. எதிர்க்கரைக் கடையின் பெயர்ப்பலகையை வாசலில் நின்றே படிக்கலாம். அங்கே போய்ச் சேரப் பாலம் தேடிச் சுற்ற வேண்டும். வரைபடத்தில் நேர்க்கோட்டுத் தூரத்தை நம்பாமல், பைக் பாதையைப் போட்டுப் பாருங்கள்.

தரைத்தள வீடானால் பக்கத்து வீட்டில் "நாம் துவாம் மை?" (வெள்ளம் வந்ததா?) என்று விசாரியுங்கள். 2011 அக்டோபரில் ஏஐடி, தம்மசாத், நவ நகோன் தொழிற்பேட்டை எல்லாமே மூழ்கின. புதுப் பெயின்ட் அடித்த வீட்டில் தடம் தெரியாது. மதில் சுவரின் பின்பக்கத்தையும் பழைய மின்கம்பங்களையும் பாருங்கள்.

கறிவேப்பிலைக் கன்று கொண்டுவரும் எண்ணம் இருந்தால் தரையில் வைக்க வேண்டாம். ரங்சித் களிமண் புளிப்பு மண், சுண்ணாம்பு போட்டுத்தான் இங்கே ஆரஞ்சே வளர்த்தார்கள். தொட்டியில் வாங்கிய மண்ணில் வையுங்கள். முருங்கைக்காய்க்குக் கவலை வேண்டாம், குளோங் நுங்கில் உள்ள தலாத் தாய் மொத்தச் சந்தையில் 'மரும்' என்று கேளுங்கள்.