முதல் கேமரா: லென்ஸை முடிவு பண்ணிவிட்டு பாடிக்கு வாருங்கள்

"எந்தக் கேமரா வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்றுதான். பாதிப் பேர் "எல்லாம்தான்" என்பார்கள். எல்லாவற்றுக்கும் ஆகிற கேமரா ஏற்கெனவே உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. தனியாகக் காசு போட்டு இன்னொன்று வாங்குவதென்றால், அது உங்கள் போன் கேமராவால் முடியாத ஏதோ ஒன்றுக்காக இருக்க வேண்டும். அது என்னவென்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால், விற்பவர் தலையில் கட்டுவதை வாங்கிக்கொண்டு திரும்ப மாட்டீர்கள்.

படி 1: போன் கேலரியைத் தோண்டுங்கள்

கடந்த ஒரு வருடப் படங்களைத் திறந்து, ஸ்கிரீன்ஷாட், ரசீது, குட் மார்னிங் ஃபார்வர்டு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, நீங்களாக ஆசைப்பட்டு எடுத்தவற்றை மட்டும் பாருங்கள். அதிலும் நன்றாக வராத படங்களைத்தான் பார்க்க வேண்டும். ஏன் வரவில்லை என்பதில்தான் விடை இருக்கிறது.

தூரத்தில் இருந்ததை ஜூம் செய்து எடுத்து, பறவையும் கோபுரச் சிலையும் வாட்டர்கலர் மாதிரி குழம்பியிருக்கிறதா? உங்களுக்கு வேண்டியது டெலிஃபோட்டோ, அதாவது தூரத்தில் உள்ளதைக் கிட்டே இழுத்துக் காட்டும் லென்ஸ். கல்யாண மண்டபத்துக்குள்ளே, சாயங்காலக் கடைத்தெருவில், வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்ததெல்லாம் முகம் மழுங்கி வந்திருக்கிறதா? அகலத் துவாரமுள்ள பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் ஆகாத, வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் லென்ஸ். குழந்தை ஓடியதும் நாய் திரும்பியதும் கலங்கியிருக்கிறதா? அதற்கும் வெளிச்சம்தான் வேண்டும், கூடவே வேகமான ஃபோகஸ். இதில் எதுவுமே இல்லை, எடுப்பதெல்லாம் பகல் வெளிச்சத்து மலையும் கடலும் சாப்பாட்டு இலையும்தான், அவை அழகாகவே வந்திருக்கின்றன என்றால், ஒன்றும் வாங்காதீர்கள், எடிட்டிங் பகுதிக்கு நேரே போய்விடுங்கள்.

படி 2: லென்ஸ்

கேமரா வாங்கிய நிறையப் பேர் முதல் வாரத்திலேயே ஏமாந்துபோவதற்குக் காரணம் கிட் லென்ஸ், அதாவது பெட்டியோடு வரும் 18-55 மி.மீ. மி.மீ. எண் சின்னதானால் காட்சி அகலம், பெரிதானால் தூரத்தில் உள்ளது கிட்டே வரும். போனின் முக்கியக் கேமரா கிட்டத்தட்ட 24 முதல் 26 மி.மீ. கோணத்தைக் காட்டும். ஏபிஎஸ்-சி சென்சார் (படத்தைப் பதியும் சில்லின் சின்ன அளவு) உள்ள பாடியில், அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவில், 18 மி.மீ. என்பது சுமார் 27 முதல் 29 மி.மீ.க்குச் சமம். அதாவது, இத்தனை ஆயிரம் கொட்டிக் கொடுத்து போன் காட்டிய அதே காட்சியைப் பார்க்கிறீர்கள், அதுவும் போன் தானாகச் செய்யும் மாயமெல்லாம் இல்லாமல். ஏமாற்றமாகத்தானே இருக்கும்?

அதனால் முதல் லென்ஸாக நான் சொல்வது 50 மி.மீ. எஃப்/1.8. எஃப் எண் துவாரத்தின் அளவு, எண் சின்னதானால் துவாரம் பெரிது. கேனனில் இதன் எஸ்டிஎம் (ஃபோகஸ் மோட்டாரின் வகை) வடிவம் 2015-ல் வந்தது, எடை 160 கிராம்தான், புதிதாக வாங்கினாலும் கேனன் லென்ஸ்களில் விலை குறைந்தவற்றில் ஒன்று. ஏபிஎஸ்-சி பாடியில் இது கேனனில் 80 மி.மீ., நிக்கானிலும் சோனியிலும் 75 மி.மீ. போல நடந்துகொள்ளும். முகங்களுக்கு அருமையான தூரம். வீட்டுக்குள்ளே புழங்குவதற்குக் கொஞ்சம் நெருக்கடி, பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொள்வீர்கள். அது தொல்லையாகத் தோன்றினால் 35 மி.மீ. எஃப்/1.8 பாருங்கள், நிக்கானின் ஏபிஎஸ்-சி பாடிகளுக்கென்றே 2009-ல் வந்த ஒன்று இன்றும் பழைய சந்தையில் புழக்கத்தில் இருக்கிறது.

எஃப்/1.8-க்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? கிட் லென்ஸை 55-க்கு நீட்டினால் துவாரம் எஃப்/5.6-க்குச் சுருங்கிவிடும். எஃப்/1.8 அதைவிட ஒன்பது மடங்குக்கும் மேல் வெளிச்சம் உள்ளே விடும். மண்டபத்துக்குள் கிட் லென்ஸ் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைப் பெருக்கும் அளவு, ஏறினால் படத்தில் புள்ளி விழும்) 6400 கேட்கிற இடத்தில் இது 800-க்குள் முடித்துவிடும். பாடியை மாற்றி இந்த வித்தியாசத்தைப் பிடிக்கப் பார்த்தால் எவ்வளவு ஆகும் என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

பறவைதான் ஆசை, வேடந்தாங்கல், பள்ளிக்கரணை என்று கிளம்பப் போகிறேன் என்பவர்களுக்கு 50 உதவாது. குறைந்தது 250 அல்லது 300 மி.மீ. வரை போகும் ஜூம் வேண்டும். அதிலும் வேடந்தாங்கலில் கரையிலிருந்து மரங்கள் தள்ளித்தான் இருக்கின்றன, 300-லும் தனி நாரை சின்னதாகத்தான் தெரியும். கூட்டமாக, மரத்தோடு சேர்த்து எடுக்கப் பழகுங்கள், அதுவே நல்ல படம்.

படி 3: இப்போது பாடி

புதுசா பழசா என்றால், முதல் கேமராவுக்குப் பழையதே போதும் என்பது என் கட்சி. 2018-ல் கேனன் ஆர்எஃப் மவுண்ட்டும் (லென்ஸ் மாட்டும் பொருத்து) நிக்கான் இசட் மவுண்ட்டும் வந்த பிறகு, ஆட்கள் கூட்டம் கூட்டமாக மிரர்லெஸ்ஸுக்கு, அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமராவுக்கு மாறினார்கள், அவர்கள் கழற்றிவிட்ட, உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகை டிஎஸ்எல்ஆர்கள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. மிரர்லெஸ்ஸில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் உண்டு, எடை குறைவு, வீடியோவுக்கு நல்லது, இதெல்லாம் உண்மைதான். ஆனால் லென்ஸுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் தொடங்குகிறவருக்கு டிஎஸ்எல்ஆர்தான் கட்டுப்படியாகும். வீடியோதான் முக்கியம் என்றால் மட்டும் இந்தப் பேச்சைக் கேட்காதீர்கள், மிரர்லெஸ்ஸுக்கே போங்கள்.

நிக்கானில் ஒரு பொறி இருக்கிறது. டி3500, டி5600 போன்ற பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸை வாங்கி மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது, கையால் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். லென்ஸ் மேல் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேனனில் இந்தத் தலைவலி இல்லை, அதன் டிஎஸ்எல்ஆர்களுக்கான இஎஃப் லென்ஸ் எல்லா இஎஃப் பாடியிலும் ஃபோகஸ் ஆகும். நாளைக்கு மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் அடாப்டர் போட்டு அதே லென்ஸை ஓட்டலாம்.

படி 4: பழைய லென்ஸைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது

இதற்கு அவசரப்படவே கூடாது. பகலில் போங்கள், உங்கள் மெமரி கார்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் பூஞ்சை. சென்னை, தூத்துக்குடி, நாகர்கோவில் மாதிரி கடற்கரை ஊர்க் காற்றில் லென்ஸுக்கு முதல் எதிரி இதுதான். லென்ஸைக் கழற்றி, இரண்டு மூடியையும் எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சைக் கொஞ்சம் சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நிக்கான் லென்ஸைக் கழற்றினால் உள்ளே தகடுகள் மூடிக்கொண்டு நிற்கும், பின்னால் உள்ள சின்ன நெம்பை விரலால் தள்ளிப் பிடித்தால் திறக்கும். அங்கங்கே தூசிப் புள்ளி தெரிந்தால் கவலை வேண்டாம், படத்தில் வராது. ஓரத்திலிருந்து சிலந்தி நூல் போல, வேர் விட்ட மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் அதுதான் பூஞ்சை. "துடைத்தால் போயிடும் சார்" என்பார்கள். கண்ணாடியின் பூச்சையே அது அரித்திருக்கலாம், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து சென்சார். எஃப்/16 வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெறும் வானத்தை எடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். தூசியென்றால் சர்வீஸில் சுத்தம் செய்துவிடலாம், கோடு விழுந்திருந்தால் வேண்டாம். ஷட்டர் (வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் திரை) எத்தனை முறை அடித்திருக்கிறது என்பதை நிக்கானில் நீங்கள் எடுத்த படத்தின் கோப்பிலேயே பார்க்கலாம், இணையத்தில் அதற்கான பக்கங்கள் உண்டு. டி3500 போன்ற பாடிக்கு ஒரு லட்சம் முறை என்பது பொதுவான கணக்கு. அதைத் தாண்டினால் உடனே நின்றுவிடாது, விலையைக் குறைத்துக் கேட்கலாம், அவ்வளவுதான். கடைசியாக, கார்டு செருகும் இடம், பேட்டரி மூடி, ஃபிளாஷ், ஒவ்வொரு பட்டன். இதெல்லாம் ஐந்து நிமிட வேலை.

வீட்டுக்கு வந்ததும் கேமராப் பைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிடாதீர்கள், அந்த ஸ்பாஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், போதும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் சரி. முக்கியமாக, அடிக்கடி வெளியே எடுத்துப் படம் எடுங்கள்.

படி 5: கேமராவின் கணிப்பை நம்பாதீர்கள்

டயலை ஏ அல்லது ஏவி-யில் வையுங்கள், துவாரத்தை நீங்கள் முடிவு செய்ய, மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓ ஆட்டோ, மெனுவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/125 நொடி. குழந்தை ஓடினால் 1/500. ரா கோப்பையும் (சென்சார் பதிந்தது அப்படியே இருக்கும்) ஜேபெக்கையும் (கேமராவே முடித்துத் தரும் வழக்கமான படம்) சேர்த்துச் சேமிக்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் மெனு வேலை. ஆனால் ஒரு பட்டனை மட்டும் விரல் பழகிப்போகும் வரை பழக வேண்டும், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், கூட்டல் கழித்தல் போட்ட பட்டன். கேமராவின் மீட்டருக்கு உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம்தான். கருங்கல் சிற்பத்தை ஃபிரேம் நிறைய எடுத்தால், "ஐயோ இருட்டு" என்று அது வெளிச்சத்தை ஏற்றிவிடும், மாமல்லபுரத்துக் கல் சிமெண்ட் மாதிரி வெளுத்து வரும். அங்கே மைனஸ் 1. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சுவருமாக இருந்தால் இதற்கு நேர்மாறு, எல்லாம் அழுக்காகத் தெரியும், அதன் முன்னால் நிற்கும் நம்ம ஊர் நிறத்து முகம் இன்னும் இருட்டில் முங்கிவிடும். அங்கே பிளஸ் 1. இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் எடிட்டிங்கில் பாதி வேலை மிச்சம்.

இன்னொன்று: தொல்லியல் துறைப் பொறுப்பில் உள்ள மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில் போன்ற இடங்களில் முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும். ஆசைப்பட்டுத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்துவிட்டு வர வேண்டாம்.

படி 6: ஒரே ஒரு படத்தை எடிட் செய்து பார்ப்போம்

மென்பொருளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. கணினி இருந்தால் டார்க்டேபிள் அல்லது ரா தெரபி, இரண்டும் இலவசம். லைட்ரூம் பழக எளிது, ஆனால் மாதா மாதம் சந்தா. போனில் மட்டும்தான் என்றால் ஸ்னாப்சீட் போதும்.

ரா ஏன் என்று சுருக்கமாக: ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள். 14 பிட் ராவில் 16,384. இருட்டை வெளிச்சமாக்கினால் ஜேபெக்கில் திட்டுத் திட்டாக உடையும், ராவில் தாங்கும்.

பூக்கடைப் படம் ஒன்று எடுத்துக்கொள்வோம். சாயங்காலம், பின்னால் நீல வானம், மேலே மஞ்சள் பல்பு தொங்குகிறது, அடியில் ஒரு அம்மா மல்லிகை கட்டிக்கொண்டிருக்கிறார். பூ பளீரென்று வெளுத்திருக்கிறது, முகம் இருட்டு.

முதலில் நிமிர்த்துங்கள், கடைப் பலகையின் விளிம்பு கோணலாக இருந்தால் மற்ற எதுவும் கண்ணுக்குப் பிடிக்காது. பிறகு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பைக் ஹேண்டிலை வெட்டுங்கள். அடுத்து ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்வது. வெள்ளை எது என்று தொட்டுக் காட்டும் கண்சொட்டுக் கருவியைக் கொண்டுபோய் மல்லிகையில் வைத்தால் அந்தப் பல்பின் மஞ்சள் மொத்தமும் போய், படம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிடும். அப்படி வைத்துப் பார்த்துவிட்டு, பாதி தூரம் மஞ்சளுக்குத் திரும்பி வாருங்கள். பல்பு வெளிச்சம் பல்பு வெளிச்சமாகத் தெரியட்டும், வானம் நீலமாகவே இருக்கட்டும், இரண்டும் சண்டை போடுவதுதான் இந்தப் படத்தின் அழகு.

இனி வெளிச்சம். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றி, ஹைலைட்டை (வெளுத்த பகுதிகளை) நன்றாக இறக்குங்கள், மல்லிகை இதழ்கள் தனித்தனியாகத் தெரிகிற வரை. ஷேடோவை (இருண்ட பகுதிகளை) மட்டும் அளவோடு ஏற்றுங்கள். கடைக்குள்ளே அடுக்கி வைத்த கூடைகளெல்லாம் தெரிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, இரவு இரவாக இருக்கலாம். முகத்துக்கு மட்டும் ஒரு மாஸ்க் போட்டு, அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) ஏற்றுங்கள்.

இந்த இடத்தில்தான் கை நீளும். ஆரஞ்சு நிறத்தின் பிரகாசத்தை ஏற்றினால் தோல் பளபளவென்று வெளுத்துவிடும். நிறைய ரெடிமேட் ஃபில்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் இதைத்தான் செய்கின்றன. வேண்டாம். முகத்தில் வெளிச்சம் ஏறலாம், தோலின் நிறம் மாறக் கூடாது. சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் கையைப் பாருங்கள், பூ கட்டும் விரல்களும் முகமும் ஒரே ஆளுடையதாகத் தெரிய வேண்டும்.

சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) நான் தொடவே மாட்டேன், தொட்டால் கனகாம்பரம் எரியும். நாய்ஸ் குறைப்பைக் குறைவாகப் போடுங்கள், ஓரளவு புள்ளி தெரிந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது, மெழுகு முகம்தான் அசிங்கம். முடித்ததும் எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பாருங்கள். பெரும்பாலும் எல்லா ஸ்லைடரையும் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கத் தோன்றும், இழுத்துவிடுங்கள்.

வெளியே அனுப்ப எஸ்ஆர்ஜிபி (பொதுவாகத் திரைகளுக்கான நிற அமைப்பு), நீளப் பக்கம் 2048 பிக்சல், தரம் 85. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நசுக்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். அந்தப் பூக்கார அம்மாவுக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுப்பதாக இருந்தால் வேறு கணக்கு: அளவைக் குறைக்காமல், தரம் 95-க்கு மேல் வைத்து எடுத்து, மேட் தாளில் போடச் சொல்லுங்கள். ஸ்டுடியோவில் "கலர் கரெக்ஷன் பண்ணட்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய நிறத்தை அவர்கள் வெளுத்துத் தருவார்கள்.