ஆப் விளம்பரத்துல போற காசு வீணா போகுதான்னு கண்டுபிடிக்கிறது எப்படி

மொதல்ல இத புரிஞ்சுக்கோங்க, நிறைய நேரம் இன்ஸ்டால் நிஜம், ஆளும் நிஜம், அவர யாரு கூட்டிட்டு வந்தாங்கங்கற கணக்குதான் பொய். கடைசி கிளிக் யாரோடதோ அவனுக்குத்தான் காசுங்கறதால, அவர் போன்ல இருக்க ஏதோ ஒரு ஆப் அவருக்கு தெரியாமலே யாரும் தொடாத விளம்பரத்துக்கு ஆயிரக்கணக்குல கிளிக் அனுப்பிட்டே இருக்கும், நாளைக்கு அவரா தேடி வந்து உங்க ஆப்ப போட்டாலும் பில் உங்களுக்கு வரும்.

அதனால யாரு எத்தன இன்ஸ்டால் கொண்டு வந்தாங்கன்னு காட்ற டேஷ்போர்ட நம்பாம, சந்தேகமான விளம்பர நெட்வொர்க்க ரெண்டு வாரம் நிறுத்திட்டு ஆர்கானிக்கையும் (விளம்பரம் இல்லாம தானா வர்றவங்க) சேத்து மொத்த இன்ஸ்டால பாருங்க. மொத்தம் அசையலைன்னா இவ்ளோ நாளா உங்க ஆளுங்களையே உங்களுக்கு வித்திருக்காங்க. எத மொதல்ல நிறுத்தறதுன்னா, ரொம்ப சீப்பா, ரிட்டென்ஷனும் (போட்ட ஆப்ப தொடர்ந்து வச்சிருக்கறவங்க அளவு) சூப்பரா தெரியுறத, ஏன்னா தானா வந்தவங்கதான நல்லா தங்குவாங்க, அத பாத்துட்டு நாமளும் திருடனுக்கே பட்ஜெட்ட ஏத்தி விடுவோம். ஊபர்ல 2017ல இப்படித்தான் ஆச்சு, 15 கோடி டாலர் விளம்பர செலவுல 10 கோடிய நிறுத்தியும் ஒண்ணும் மாறலைன்னு அங்க மார்க்கெட்டிங் பாத்த கெவின் ஃபிரிஷ் பின்னாடி சொன்னாரு.

அடுத்து கிளிக்குக்கும் மொத தடவ ஆப்ப தொறந்ததுக்கும் நடுவுல எவ்ளோ நேரம்னு ரா டேட்டா (ஒவ்வொரு இன்ஸ்டாலுக்குமான தனித்தனி பதிவு) எடுத்து பாருங்க. நிஜ விளம்பரம்னா பெரும்பாலும் மொத ஒரு மணி நேரத்துலயே வந்துடும், நாள் முழுக்க சமமா பரவியிருந்தா வெள்ளமா கிளிக் விட்டிருக்கான். ரெண்டு மூணு செகண்டுன்னா இன்னும் மோசம், டவுன்லோடே ஆகாதே அதுக்குள்ள! போன்ல இருக்க வேற ஆப் ஒண்ணு புது ஆப் இறங்குறத மோப்பம் புடிச்சு கடைசி நொடியில கிளிக்க சொருகுது. ஆண்ட்ராய்டுல இன்ஸ்டால் எங்கேந்து வந்துச்சுன்னு சொல்ற கூகுளோட இன்ஸ்டால் ரெஃபரர்ல டவுன்லோடு ஆரம்பிச்ச நேரம் வரும், கிளிக் அதுக்கு அப்புறம்னா பேச்சே வேணாம், ரிஜெக்ட் பண்ணுங்க. பெரிய ஆப்தானேன்னும் விட்டுடாதீங்க, இந்த மாதிரி புகார் வந்துதான் 2018 டிசம்பர்ல சிஎம் ஃபைல் மேனேஜரையும் கீகா கீபோர்டையும் கூகுள் பிளே ஸ்டோர்லேந்து தூக்குச்சு.

போனே இல்லாம வெறும் சிக்னல் அனுப்பி இன்ஸ்டால் காட்றவனும் இருக்கான், அதுக்கு உங்க சர்வர்ல ஓடிபி போட்டு லாகின் ஆனவங்க கணக்கோட ஒப்பிட்டா போதும்.

இதெல்லாம் புடிச்சாலும் காச திரும்ப வாங்கறது கஷ்டம், அதனால எந்தெந்த ஆப்ல விளம்பரம் போகுதுன்னு பேரோட குடுக்கணும், ரிஜெக்ட் ஆனதுக்கு பணம் கிடையாதுன்னு அக்ரிமென்ட்லயே எழுதி வாங்கிட்டு அப்புறம் கேம்பெயின் ஆரம்பிங்க.