கவிதையில் தத்துவத்தை எப்படித் தேடுவது?

புறநானூற்றின் 192ஆம் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், கணியன் பூங்குன்றனார் பாடியது. எல்லோரும் "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற முதல் அடியோடு நின்றுவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. மொத்தம் 13 அடிதான், முழுசாக இரண்டு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

அப்புறம் முடிவு எது, அதற்குக் காரணம் எது என்று பிரியுங்கள். பெரியோரை வியக்க மாட்டோம், சிறியோரை இகழ்வது அதைவிடவும் மாட்டோம் என்பது முடிவு. மழை பெய்து கல்லில் மோதி ஓடும் பேராற்றில் நீர் போகும் வழியே புணை (தெப்பம்) போவதுபோல உயிரும் முறைவழியே போகும் என்பது காரணம். ஆக, உவமை இங்கே அலங்காரமில்லை, வாதமே அதன்மேல்தான் நிற்கிறது.

சரி, அடுத்து முரணைத் தேடுங்கள், விமர்சனம் உண்மையில் தொடங்குவது இங்கேதான். தீதும் நன்றும் பிறர் தர வாரா என்றால் பொறுப்பு நம்முடையது, ஆனால் புணைக்கோ தன் போக்கில் பிடியே இல்லை. இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கும்? உங்கள் பதிலைப் பாட்டின் வரிகளை வைத்தே எழுதுங்கள்.

ஊழ் (விதி), ஆசீவகம் (எல்லாம் விதிப்படியே நடக்கும் என்ற பழைய சமயநெறி) என்ற பெயர்களையெல்லாம் அதற்குப் பிறகு கொண்டுவந்தால் போதும்.