சோதனை விதிகளுக்குக் கருத்து எழுதுவது எப்படி: மேசையில் ஆடிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2022 ஆகஸ்ட் 18 அன்று விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம், கற்பனைப் பாத்திரங்களை ஏற்று மேசையில் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் புதுப்பிக்கப்பட்ட விதிகளுக்கான முதல் சோதனைத் தொகுப்பை இலவசமாக வெளியிட்டது. ‘ஒன் டி அண்ட் டி’ என்று அப்போது பெயரிடப்பட்டிருந்த அந்த முயற்சியின் முதல் தொகுப்பில், கிரிட்டிகல் ஹிட், அதாவது கூடுதல் சேதம் தரும் அடி பற்றிய விதி மிகச் சிறியது. இருபது பக்கப் பகடையில் 20 விழுந்தால் ஆயுதத்தின் அல்லது வெறுங்கை அடியின் சேதப் பகடையை மட்டும் இரண்டாம் முறை உருட்ட வேண்டும். அந்த வாய்ப்பும் வீரர்களின் பாத்திரங்களுக்கு மட்டுமே உண்டு, எதிரே நிற்கும் அரக்கர்களுக்குக் கிடையாது. இந்தச் சிறு விதியைக் குறித்து ரசிகர்கள் இணையத்தில் கொதித்தெழுந்தபோது, அவர்களில் பெரும்பாலோர் அதை ஒரு முறையேனும் ஆடிப் பார்த்திருக்க நேரமே இல்லை.

கோபப்படுவதில் தவறில்லை. ஆனால் விதியை வடிவமைப்பவர்களுக்கு அந்தக் கோபத்திலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். அவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: உங்கள் மேசை, உங்கள் நண்பர்கள், நீங்கள் ஆடும் விதம். சோதனை விதிக்கு எழுதும் கருத்தில் அந்த மேசை தெரிய வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இந்தத் துறைக்கென்றே சொல்லிவைத்தது போல இருக்கிறது.

முதலில் விதி கேட்கும் கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

சோதனை விதி என்பது முடிவு செய்யப்பட்ட விதி அல்ல. அது விதியின் உருவில் வந்திருக்கும் ஒரு கேள்வி. அரக்கர்களுக்குக் கிரிட்டிகல் ஹிட் இல்லை என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நிலையில் இருக்கும் ஒரு மந்திரவாதிக்கு, உடலின் தாங்குதிறன் ஓரளவு நன்றாக இருந்தாலும், 8 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளிதான் இருக்கும். காப்ளின் என்னும் சிற்றரக்கன் வளைவாளால் வெட்டினால் ஆறு பக்கப் பகடை ஒன்றுடன் 2 கூட்ட வேண்டும். சராசரி ஐந்தரை, அதிகபட்சம் 8. பழைய விதிப்படி காப்ளினுக்கு 20 விழுந்துவிட்டால் பகடை இரண்டாகி, சராசரியே 9 ஆகிவிடும். விளையாட்டு தொடங்கிப் பத்து நிமிடத்தில், தன் பாத்திரத்துக்குப் பெயர் வைத்த மகிழ்ச்சி மாறுமுன்னே, ஒரு புதிய ஆட்டக்காரர் தரையில் கிடப்பார். தொடக்க நிலைகளில் வெறும் அதிர்ஷ்டத்தால் நேரும் சாவைக் குறைக்க முடியுமா என்பதுதான் அந்த விதிக்குள் இருந்த கேள்வி என்று நான் வாசித்தேன். அந்தக் கேள்வியைக் கண்டுகொண்டவருக்கு எழுதுவதற்கு விஷயம் கிடைக்கிறது: அந்தச் சாவு தேவையா, அதைக் குறைக்க இதுதான் வழியா, அரக்கனின் பகடையில் 20 விழும்போது மேசையைச் சுற்றி எழும் அந்தப் பெருமூச்சை இழப்பது தகுமா என்று.

பைசோ நிறுவனம் 2018 ஆகஸ்டில் இதே வகையைச் சேர்ந்த பாத்ஃபைண்டர் விளையாட்டின் இரண்டாம் பதிப்பைச் சோதனைக்கு விட்டபோது, ‘ரெசனன்ஸ்’ என்றொரு விதி இருந்தது. பாத்திரத்தின் நிலையோடு கரிஸ்மா (ஆளுமை ஈர்ப்பு) கூட்டெண்ணைச் சேர்த்தால் வரும் புள்ளிகளே ஒரு நாளுக்கு உண்டு. மந்திரப் பொருள்களை இயக்க அவை செலவாகும். ஒரு குப்பி மருந்தைக் குடிப்பதற்கும் புள்ளி கேட்டதால் பலர் எரிச்சலடைந்தார்கள். அதன் பின்னே இருந்த கேள்வி நியாயமானது. முதல் பதிப்பில் 750 பொற்காசுக்கு, 50 முறை பயன்படும் காயம் ஆற்றும் ‘கியூர் லைட் வூண்ட்ஸ்’ மந்திரக்கோல் ஒன்றை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் எல்லோரும் முழுதாகக் குணமாகிவிடும் வழக்கம் இருந்தது. காயத்துக்கு மதிப்பே இல்லாமல் போயிருந்தது. 2019இல் வந்த இறுதி நூலில் ரெசனன்ஸ் இல்லை. ஒரு நாளில் பத்து மந்திரப் பொருள்களை மட்டுமே தனக்கு உரியதாக்கிக்கொள்ளலாம் என்ற எளிய வரம்பு வந்தது. கேள்விக்கு மதிப்பளித்து விடையை மட்டும் மறுத்தவர்களின் கருத்துதான் இப்படிப்பட்ட இடத்தில் பயன்படும்.

ஆடிப் பாருங்கள், முடியாவிட்டால் கணக்காவது போடுங்கள்

கிரிட்டிகல் விதியால் மிகவும் மனம் நொந்தவர்கள் ரோக் என்னும் கள்வர் வகைப் பாத்திரத்தை ஆடுபவர்கள். தந்திரமாகத் தாக்கும்போது கூடுதலாகக் கிடைக்கும் ‘ஸ்னீக் அட்டாக்’ பகடைகள் ஆயுதத்தின் பகடைகள் அல்ல என்பதால், பழைய விதியில் இரட்டிப்பான அவை புதிய விதியில் இரட்டிப்பாகாது. ஐந்தாம் நிலை ரோக் ஒருவருக்கு அவை ஆறு பக்கப் பகடை மூன்று. அவற்றின் சராசரி பத்தரை. ஒரு தாக்குதலில் 20 விழும் வாய்ப்பு நூற்றுக்கு 5. ஆகவே சராசரி இழப்பு ஒரு தாக்குதலுக்கு அரைப் புள்ளி சொச்சம். ரோக் பெரும்பாலும் அட்வான்டேஜுடன், அதாவது இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொண்டு, தாக்குபவர் என்று வைத்துக்கொண்டால், வாய்ப்பு 9.75 ஆகி, இழப்பு ஏறக்குறைய ஒரு புள்ளியைத் தொடும். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கத் தோன்றும்.

அங்கேயே நின்றுவிட்டால் கணக்கும் நம்மை ஏமாற்றிவிடும். அட்வான்டேஜுடன் ஒரு நாளில் பன்னிரண்டு முறை தாக்கும் ரோக்குக்குக் கிரிட்டிகல் ஹிட் விழுவது சராசரியாக ஒரு முறை அல்லது சற்றுக் கூடுதல். மாலை முழுவதும் அந்த ஒரு தருணத்துக்காகத்தான் அவர் காத்திருக்கிறார். இரண்டு கை நிறையப் பகடைகளை அள்ளிக் குலுக்கும்போது மற்றவர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்ப்பது அதற்காகத்தான். எங்கள் மேசையில் இந்த விதியை ஆடிப் பார்த்த அன்று ரோக்குக்கு 20 விழுந்தது. கூடுதலாக ஓர் எட்டுப் பக்கப் பகடையை மட்டும் கொடுத்தோம். அதில் 2 விழுந்தது. ஆடியவர் ஒன்றும் சொல்லவில்லை. பகடையை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். எண்ணிக்கையில் சிறிய இழப்பு, உணர்வில் பெரிய இழப்பு என்று எழுத வேண்டுமானால், கணக்கு, காட்சி ஆகிய இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வாசிப்பதற்கும் ஆடுவதற்கும் உள்ள தொலைவைக் காட்டும் இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு, மாய ஆற்றல் ஒன்றோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெறும் வார்லாக் பாத்திரம். 2014ஆம் ஆண்டு விதிகளில் ஐந்தாம் நிலை வார்லாக்குக்கு மூன்றாம் நிலை மந்திரத்தை வீசும் வாய்ப்பான ஸ்லாட் இரண்டே இரண்டு; ஆனால் பாத்திரங்கள் எடுக்கும் ஒவ்வொரு குறுகிய ஓய்வுக்குப் பிறகும் அவை திரும்ப வரும். 2023 ஏப்ரலில் வந்த ஐந்தாம் சோதனைத் தொகுப்பு இதை மாற்றி, புனித வீரனான பாலடினுக்கு உள்ளதைப் போன்ற பட்டியலை வார்லாக்குக்குக் கொடுத்தது: ஐந்தாம் நிலையில் முதல் நிலை ஸ்லாட் நான்கு, இரண்டாம் நிலை ஸ்லாட் இரண்டு, நீண்ட ஓய்வில்தான் மீட்பு. ஒரு நாளில் இரண்டு குறுகிய ஓய்வு எடுக்கும் மேசையில், பழைய வார்லாக் மூன்றாம் நிலை மந்திரத்தை ஆறு முறை வீசுவார். அந்த மேசைக்குப் புதிய விதி பெரும் வீழ்ச்சி. ஓய்வே எடுக்காமல் ஓடும் மேசையில் பழைய வார்லாக் இரண்டு முறை வீசிவிட்டு, மீதி நேரம் முழுவதும் ஸ்லாட் தேவைப்படாத ‘எல்ட்ரிச் பிளாஸ்ட்’ மந்திரம் ஒன்றையே நம்பியிருப்பார். அந்த மேசைக்குப் புதிய விதி விடுதலை. இரு தரப்பும் ஒருவரையொருவர் விவரம் தெரியாதவர் என்று ஏசிக்கொண்டிருந்தபோது, இரண்டும் உண்மையாகவே இருந்தன. எத்தனை குறுகிய ஓய்வு எடுத்தோம் என்ற ஒரு சொற்றொடரைச் சேர்த்திருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது.

ஆகையால் ஆடும்போதே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தத் தொகுப்பு, எத்தனையாம் நிலை, எத்தனை பேர், எத்தனை சண்டை, எத்தனை ஓய்வு, எந்த விதியைப் பார்க்க ஆட்டத்தை நிறுத்தினீர்கள். தொகுப்பின் பெயர் கட்டாயம் வேண்டும், ஏனெனில் விதிகள் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். முதல் தொகுப்பில் 20 விழுந்தால் கிடைத்த ‘இன்ஸ்பிரேஷன்’ என்னும் ஊக்கச் சலுகை, செப்டம்பர் இறுதியில் வந்த இரண்டாம் தொகுப்பில் 1 விழுந்தால் கிடைப்பதாக மாறியது. கிரிட்டிகல் ஹிட் அதே தொகுப்பில் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிட்டது. அதற்குப் பின்னும் முதல் தொகுப்பைத் திட்டி எழுதிக்கொண்டிருந்தவர்கள் இல்லாத விதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எழுதும் முறை

நடந்தது, உணர்ந்தது, விரும்புவது ஆகிய மூன்றையும் கலக்காதீர்கள். வரிசையும் அதுவாகவே இருக்கட்டும். பெரும்பாலானோர் விரும்புவதில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

2023 பிப்ரவரியில் வந்த நான்காம் தொகுப்பு, இயற்கை மந்திரவாதியான ட்ரூயிட்டின், விலங்காக உருமாறும் ‘வைல்ட் ஷேப்’ திறனைப் பொது அச்சு ஒன்றாக மாற்றியது. கரடியோ ஓநாயோ, நிலத்து விலங்கு எதுவானாலும் அதே எண்கள்தாம். விலங்கின் தனி ஹிட் பாயிண்ட் கிடையாது, ட்ரூயிட்டின் சொந்த ஹிட் பாயிண்ட்தான். அடியிலிருந்து காக்கும் கவச எண், 10உடன் விஸ்டம் (ஞானம்) கூட்டெண். மிகச் சிறிய விலங்காக மாற 11ஆம் நிலை வரை காத்திருக்க வேண்டும். இதற்கு எழுதப்படும் கருத்து ஒன்று இப்படி இருக்கலாம்: “ட்ரூயிட்டைக் கெடுத்துவிட்டீர்கள், பழையதையே கொடுங்கள்.” இதை வாசிப்பவருக்கு எழுதியவரின் மனநிலை தெரியும், வேறொன்றும் தெரியாது.

அதே மனிதர் இப்படியும் எழுதலாம்: “நான்காம் தொகுப்பு, ஐந்தாம் நிலை, நான்கு பேர், ஒரே அமர்வில் மூன்று சண்டை. என் ட்ரூயிட்டின் விஸ்டம் கூட்டெண் 3. ஆகவே கரடி உருவில் கவச எண் 13. ஓக்ர் அரக்கன் ஒன்றின் முன்னால் நின்று இரண்டு சுற்றில் விழுந்துவிட்டேன். சண்டையில் முன்வரிசையில் நிற்கும் துணிவு போய்விட்டது. இரண்டாவது சண்டையிலிருந்து உருவம் மாறவே இல்லை. ஆனால் நூலைப் புரட்டி விலங்கைத் தேடாமல் ஒரே அட்டையை வைத்து ஆடியது நேரத்தை மிச்சப்படுத்தியது, அது பிடித்திருந்தது. உருவத்துக்குத் தனியாகச் சிறிது ஹிட் பாயிண்ட் கிடைத்தால் மீண்டும் முன்வரிசைக்குப் போவேன்.” இதிலும் அதிருப்திதான் இருக்கிறது. ஆனால் எது உடைந்தது, எது உடையவில்லை என்பது தெரிகிறது. இறுதியில் சொன்ன தீர்வை வடிவமைப்பவர் ஏற்காமல் போகலாம். “உருவம் மாறவே இல்லை” என்ற வரியை அவரால் ஒதுக்கிவிட முடியாது. கருத்துக்கணிப்புப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தாலும் எழுதும் வரிசை இதுவேதான். இலக்கணப் பிழைக்கு அஞ்சி எழுதாமல் விடாதீர்கள், எண்கள் எல்லா மொழிக்கும் பொதுவானவை.

பிடித்ததையும் எழுதுங்கள். குறையை மட்டும் எழுதினால் நல்ல பகுதியும் சேர்த்து வெட்டுப்படும். விசர்ட்ஸ் நிறுவனத்தின் அப்போதைய விதி வடிவமைப்புத் தலைவர் ஜெரமி கிராஃபோர்ட், நூற்றுக்கு 70 அளவில் வரவேற்பு பெறும் விதி சரியான தடத்தில் இருப்பதாகக் கொள்வோம் என்று காணொளிகளில் விளக்கியிருக்கிறார். அதாவது, உங்களுக்கு ஓரளவு பிடித்த விதிக்குச் சோம்பலாலோ கோபத்தாலோ குறைந்த மதிப்பெண் போட்டால், அது திருத்தப்படுவதற்குப் பதிலாகக் கைவிடப்படக்கூடும்.

காய்தல் உவத்தல் அகற்றி என்பார்களே, அது 2023 ஜனவரியில் மிகவும் கடினமாக இருந்தது. அந்த மாதம்தான் பிறர் இந்த விளையாட்டின் விதிகளைப் பயன்படுத்த அனுமதிக்கும் ஓஜிஎல் உரிமத்தின் புதிய வரைவு கசிந்து, நிறுவனத்தின் மீது ரசிகர்கள் கடும் சினம் கொண்டார்கள். அந்தச் சினம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அதற்கென்று தனிக் கருத்துக்கணிப்பு நடந்தது, ஜனவரி 27 அன்று நிறுவனம் பின்வாங்கி அடிப்படை விதிகளை எவரும் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடவும் செய்தது. ஆனால் உரிமத்தின் மீதுள்ள கோபத்தைப் பாலடினின் தலையில் இறக்கி அடுத்த தொகுப்பின் படிவத்தில் எல்லாவற்றுக்கும் கடைசி மதிப்பெண் போடுவதால் நிறுவனத்தின் வழக்கறிஞர்களுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. பாலடினை ஆடுபவர்தான் பாதிக்கப்படுவார்.

காலத்தையும் கவனியுங்கள். முதல் தொகுப்புக்கான படிவம் செப்டம்பர் 1 அன்றுதான் திறந்தது, அதாவது தொகுப்பு வந்து இரண்டு வாரம் கழித்து. அந்த இடைவெளியில் ஓர் அமர்வாவது ஆடுங்கள். முதல் நாள் கோபத்தை எங்கேயாவது எழுதி வையுங்கள், ஆனால் அனுப்ப வேண்டாம். ஆடிய பிறகு அதையும் புதிய குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மாறியிருக்கிறது என்று உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

அனுப்பியதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். புதிய விதிகளின் இறுதி நூலான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2024 செப்டம்பர் 17 அன்று வெளியானபோது நான் முதலில் செய்தது, என் பழைய குறிப்புகளை அதனோடு ஒப்பிட்டதுதான். வார்லாக்கின் பழைய ஸ்லாட் முறை திரும்பியிருந்தது. கிரிட்டிகல் ஹிட்டில் ஸ்னீக் அட்டாக் பகடைகள் மறுபடியும் இரட்டிப்பாயின. வைல்ட் ஷேப்பில் பொது அச்சு போய், விலங்குகளே திரும்ப வந்திருந்தன; கூடவே ட்ரூயிட்டின் நிலைக்குச் சமமான தற்காலிக ஹிட் பாயிண்ட். என் குறிப்பில் நான் கேட்டிருந்தது அதைவிடச் சற்று அதிகம்.