புறப்பாடலில் போரும் அதிகாரமும்: எழுதத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புறநானூற்றுப் பாடல் ஒன்றைக் கொடுத்து, “இதில் அதிகாரமும் பகையும் மொழியில் எப்படி வெளிப்படுகின்றன?” என்று கேட்டால், புதிதாக எழுதுகிறவர் தரும் விடை பாடலைப் பார்க்காமலே சொல்லக்கூடியது: “புலவர் உவமைகளாலும் அடைமொழிகளாலும் மன்னனின் வீரத்தைச் சிறப்பிக்கிறார்.” நாங்களும் ஒரு காலத்தில் இப்படி எழுதியவர்கள்தான். ஒற்றுப்பிழை, பாடல் எண் மாறிப்போவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறோம். அவற்றை யாராவது திருத்திக் கொடுத்துவிடுவார்கள். திருத்த ஆளில்லாமல் தங்கிவிடும் தவறுகள் வேறு.

உவமையைத் தேடி ஓடி, சுட்டைத் தாண்டிப்போவது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். 45, 95, 112 ஆகிய மூன்று பாடல்களையும் எடுத்து அலங்கார உவமை தேடிப் பாருங்கள், ஒன்றும் அகப்படாது. ஆனாலும் அதிகாரத்தைப் பற்றி இவற்றைவிடக் கூர்மையாகப் பேசிய பாடல்கள் குறைவு. கூர்மை எங்கே இருக்கிறது? நீங்கள் அடிக்கோடிடாமல் விட்ட இ, அ, நின், நும், எம் ஆகியவற்றில்.

95ஆம் பாடலின் சூழல் தெரிந்ததுதான். அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ‘இவ்வே’ என்று தொடங்குகிறார் ஔவை. இவை பீலி அணிந்து, மாலை சூட்டப்பட்டு, காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசப்பட்டு, காவலுடைய பெரிய மாளிகையில் இருக்கின்றன. ‘அவ்வே’: அவையோ, அதாவது அதியமானின் வேல்கள், பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. இங்குள்ள வினைகளைத் தனியே எழுதிப் பாருங்கள். இவன் பக்கம் அணிதல், சூட்டுதல், திருத்துதல்; அவன் பக்கம் குத்துதல், சிதைதல். இடமும் அப்படியே: இங்கே ‘வியன்நகர்’, அங்கே ‘குற்றில்’. பழிச்சொல் ஒன்றுகூடக் கிடையாது. தூதராக வந்தவர் பகைவனின் வீட்டுக்குள் நின்று அவனை வாய்திறந்து இகழ முடியாது. ஆகவே அந்த வேலையைச் சுட்டெழுத்துகள் செய்கின்றன. “இது வஞ்சப்புகழ்ச்சி அணி” என்று பெயர் சூட்டிவிட்டு நிறுத்துகிறவர், பூட்டின் பெயரைச் சொல்லிவிட்டுக் கதவைத் திறக்காமல் போகிறார்.

இதே பாடலில் இன்னொரு பொறி உண்டு. ‘வியனகரவ்வே’ என்பதன் ஈற்றில் வரும் ‘அவ்வே’ சுட்டன்று; ‘நகரில் உள்ளவை’ என்னும் முடிபு. அதைச் சுட்டாகப் பிரித்தால் எவை யாருடையவை என்பதே குழம்பிவிடும்.

45இல் கோவூர்கிழார் செய்வது இன்னும் துணிச்சலானது. வெளியே உறையூரை முற்றுகையிட்டிருப்பவன் நலங்கிள்ளி, உள்ளே அடைத்திருப்பவன் நெடுங்கிள்ளி, இருவரையும் நோக்கிப் பேசுகிறார். ஒன்பது அடிகளில் எந்த மன்னன் பெயரும் இல்லை. முதலில் இரண்டு ‘அல்லன்’: உன்னோடு பொருபவன் பனந்தோடு சூடியவன் அல்லன், வேம்பு சூடியவன் அல்லன், அதாவது சேரனும் அல்லன், பாண்டியனும் அல்லன். உன் கண்ணியும் (தலைமாலையும்) ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி, இருவரும் சோழர். இப்போது முன்னிலைச் சொற்களை எண்ணுங்கள். ‘நின்ன’, ‘நின்னொடு’ என இரண்டு ஒருமை. அடுத்து ‘ஒருவீர்’, ‘நும் குடி’, ‘இருவீர்’, ‘நும் செய்தி’, ‘நும்மோர்’ என ஐந்து பன்மை. வாளோடு தனியே நின்றவனை, அவன் கொல்ல வந்தவனுக்குப் பக்கத்திலேயே ஒரு ‘நும்’முக்குள் நிறுத்திவிட்டார். ‘ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே’ என்பது இரண்டு கண்ணிகளையும் ஒன்றாகக் காட்டிய பிறகுதான் வருகிறது. அதற்கு முன் வந்திருந்தால் வெறும் அறிவுரை ஆகியிருக்கும்.

‘நும்மோர் அன்ன வேந்தர்’ என்பதில் உவம உருபு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, குத்துவதற்காக. உங்களைப் போன்ற வேந்தர்கள்தாம் இந்தச் சண்டையைப் பார்த்து உடல் பூரிப்பார்கள் என்கிறார்.

வேலைமுறை இது: பாடலைக் கையால் ஒருமுறை படியெடுங்கள். முதல் வாசிப்பில் சுட்டும் தன்மை முன்னிலைப் பெயர்களும் மட்டும் வட்டமிடுங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஆளின் பெயரை எழுதுங்கள். இரண்டாவதில் வினைகள். மூன்றாவதில் எதிர்மறைகள். அணி கடைசியில்.

‘அன்றே’ என்றால் எப்போதும் ‘இல்லை’ என்று கொள்வது

45இல் ‘ஆர் மிடைந்தன்றே’ என்பது உடன்பாடு. மிடைந்தது என்று பொருள். அதே பாடலின் ‘இயற்கையும் அன்றே’ எதிர்மறை. 66இல் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனிடம் ‘நின்னினும் நல்லன் அன்றே’ என்பது வினா: முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் (உண்ணாமல் உயிர்விட்ட சேரன்) உன்னைவிட நல்லவன் அல்லனா? வென்றவன் முகத்துக்கு நேரே தோற்றவனைப் போற்றும் கேள்வியை எதிர்மறையாக்கினால் பாடலே தலைகீழாகிவிடும்.

உவமை இருக்கும்போது தவறான பக்கத்தைப் பிடிப்பது

‘உன் மகன் எங்கே’ என்று கேட்டவருக்குத் தாய் விடை சொல்லும் 86இல் “மகனைப் புலிக்கு ஒப்பிட்டார்” என்று எழுதுவார்கள். காவற்பெண்டு ஒப்பிட்டது வயிற்றை. புலி தங்கிவிட்டுப் போன கற்குகையோடு. புலி போய்விட்டது, கண்முன் இருப்பது வெற்றிடம்.

சொல் வரிசையைக் கவனிக்காதது

பாரி கொல்லப்பட்ட பின் அவன் மகளிர் பாடிய 112இல் அற்றைத் திங்களில் (அன்றைய நிலவில்) தந்தை முதலில், குன்று பிறகு. இற்றைத் திங்களில் குன்று முதலில், தந்தை கடைசியில். ‘எந்தையும் இலமே’ என்று பாரி மகளிரின் பாடல் நின்றுவிடுகிறது. ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்பதைப் பாராட்டாக எழுதிவிடாதீர்கள். வஞ்சித்துக் கொன்றவர்களுக்கு அந்த அடைமொழி இகழ்ச்சிக் குறிப்பு என்று பழைய உரையே சொல்கிறது.

கிள்ளிகளைக் குழப்புவது

44 ஆவூருக்குள் அடைத்திருந்த நெடுங்கிள்ளிக்கு மட்டும், 45 உறையூரை முற்றுகையிட்டிருந்த நலங்கிள்ளி, உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளி இருவருக்கும். 44இல் உள்ளிருப்பவனிடம் ‘அறவை ஆயின் நினது எனத் திறத்தல்’ என்கிறார் புலவர். அறவனாக இருந்தால் ‘உன்னுடையது’ என்று சொல்லிக் கோட்டைக் கதவைத் திற, மறவனாக இருந்தால் போரோடு திற. இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்.

புலவரை ‘எதிர்ப்பாளர்’ என்றோ ‘துதிபாடி’ என்றோ முத்திரை குத்துவது

பரிசில் பெற்று வாழ்ந்தவர்கள். இரண்டுமாக இருந்தார்கள்.

‘சங்ககாலம் ஒரு பொற்காலம்’ என்று தொடங்குவது

வேண்டாம்.