மொறிஸ் மைனரின் எஞ்சினைத் திருத்தினேன்

கல்லடிப் பாலம் தாண்டியதும் ஒயில் லைட் எரிந்தது, அடியில் தட்டும் சத்தம். அப்பா வைத்திருந்த பழைய மொறிஸ் மைனர் கார், 1098 சிசி. உடனே நிறுத்தி, கராஜுக்கு இழுத்துப் போனோம். எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்பைக் கழற்றினால், பேரிங் தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. அதில் சுழலும் கிராங்க் தண்டிலும் கீறல்.

"யப்பான் எஞ்சின் ஒன்று போடுவம் தம்பி, கரைச்சல் இல்லை" என்றார் கராஜ் பாஸ். எனக்கு மனம் வரவில்லை. மவுண்ட் வெட்ட வேண்டும், கியர்பொக்ஸும் மாறும், பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தையும் மாற்ற வேண்டும்.

முதலில் எஞ்சினை விட்டுவிட்டு வண்டியின் அடியைத்தான் பார்த்தேன். கடலும் வாவியும் சூழ்ந்த மட்டக்களப்பில் உப்புக்காற்று தகட்டைத் தின்றுவிடும். மைனருக்குத் தனிச் சேசி (அடிச்சட்டம்) கிடையாது, தகட்டு உடலே எல்லாவற்றையும் தாங்கும். பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடம் உக்கியிருந்தால் எஞ்சினுக்குச் செலவழிப்பதே வீண். நல்லவேளை, அங்கே உறுதியாக இருந்தது.

அப்புறம் லேத் பட்டறையில் கிராங்கை மைக்ரோமீட்டரால் அளந்தார்கள். முன்பு ஒருமுறை 10 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) கடைந்திருக்கிறார்கள். அடுத்ததாக 20 தௌவுக்குக் கடைய இடமிருந்தது. பழைய எஞ்சினையே திருத்தும் முடிவை எடுக்க வைத்தது அந்த அளவுதான். 40 வரை கடைந்த கிராங்க் என்றால் வேறொன்று தேடியிருக்க வேண்டும். புளொக்கில் வெடிப்பும் இல்லை.

பேரிங், கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. பழைய மினி காருக்கும் இதே குடும்பத்து எஞ்சின் என்பதால் சாமான் தேடுவது அவ்வளவு கஷ்டமில்லை. ஒயில் பம்பையும் புதிதாகப் போட்டேன். அதை மிச்சம் பிடிக்கவே கூடாது.

இப்போது மெதுவாக ஓட்டுகிறேன். 500 மைல் ஆனதும் ஒயில் மாற்றி, டாப்பட் (வால்வு) இடைவெளியை 12 தௌவுக்கு வைக்க வேண்டும்.