இரண்டு அம்மாக்கள் உள்ள வீட்டைப் பற்றிக் குழந்தை கேட்கும்போது

உடன் படிக்கும் பிள்ளை வரைந்த குடும்பப் படத்தில் இரண்டு பெண்கள் கைகோத்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "அவளுக்கு மட்டும் எப்படி இரண்டு அம்மா?" என்று உங்கள் குழந்தை கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நீங்கள் முகம் சுளித்தாலும், பேச்சை மாற்றினாலும், குழந்தை அதையே பதிலாக எடுத்துக்கொள்ளும்.

"அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் நேசித்துச் சேர்ந்து வாழ்கிறார்கள், இருவருமாக அவளை வளர்க்கிறார்கள்" என்று சொன்னால் சிறு குழந்தைக்குப் போதும். கேட்காததை விளக்க வேண்டியதில்லை. தன்பாலீர்ப்பு, அதாவது தன் பாலினத்தவர்மீதே கொள்ளும் ஈர்ப்பு, என்றதும் பெரியவர்களுக்குப் படுக்கையறைதான் நினைவுக்கு வருகிறது. குழந்தைக்கோ, யார் தலை பின்னிவிடுவார்கள், யாரை எப்படிக் கூப்பிடுவாள் என்பதே அறிய வேண்டியதாக இருக்கும்.

வளர்ந்த பிள்ளைகளிடம் பேசும்போது சொற்களைக் குழப்பாதீர்கள். ஒருவர் தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ இரண்டிலும் அடங்காதவராகவோ உணர்வது பாலின அடையாளம்; அவர் யார்மீது ஈர்ப்புக் கொள்கிறார் என்பது பாலீர்ப்பு. ஆகவே திருநங்கை என்பதும் தன்பாலீர்ப்பாளர் என்பதும் ஒன்றல்ல. தன்பாலீர்ப்பு நோயா என்று கேட்டால், இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள்: உலக சுகாதார நிறுவனம் 1990-இல் தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

அப்பா இல்லாமல் வளரும் பிள்ளைக்குக் குறை வராதா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். பெற்றோரின் பாலீர்ப்பைவிட, அவர்களுக்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவும், குடும்பத்துக்குக் கிடைக்கும் ஆதரவும்தான் பிள்ளையின் நலனைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் 2013-இல் கூறியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளை வருத்துவது பெரும்பாலும் வெளியாரின் கேலிதான் என்பதையும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் உங்கள் குழந்தையிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: "உன் உண்மையான அம்மா யார்?" என்று அந்தத் தோழியிடம் கேட்கக் கூடாது. நெதர்லாந்து 2001-இலேயே தன்பாலினத் திருமணத்துக்கு வழிவிட்டபோதிலும், இன்றும் பல நாடுகளில் சட்டம் இத்தகைய இணையரில் ஒருவரை மட்டுமே பெற்றோராக ஏற்கிறது. ஆகவே பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போய் மருத்துவமனைக்கு ஓடினாலும், இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட இன்னொரு அம்மா படிவத்தில் கையெழுத்திட முடியாமல் ஒதுங்கி நிற்க நேர்கிறது. அதே கேள்வி வகுப்பறையிலும் அந்தப் பிள்ளையைத் துரத்த வேண்டுமா?

பிறந்தநாளுக்கு அவளை அழைத்தால், அழைப்பிதழில் இரண்டு அம்மாக்களின் பெயரையும் எழுதுங்கள்.